சொன்னால் கேட்கும் தெரு

இதைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அன்றைக்கு முதலில் வந்தது குரலா, நெடியா என்று உப்புக்காரத் தெருவில் மிஞ்சியவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். நெடி மூக்கில் ஏறிய பிறகுதான் குரல் வந்தது என்பார்கள் சிலர். குரல் முந்திக்கொண்டது, அதனால்தான் மோசம் போனோம் என்பார்கள் வேறு சிலர். அமலோற்பவம் இரண்டையும் மறுத்ததில்லை. அவள் சொன்னதை வைத்துத்தான் இந்தக் கதை. அவளும் எல்லா முறையும் ஒன்றுபோலச் சொன்னாள் என்று சொல்ல முடியாது. சொல்லிக்கொண்டே வந்து நடுவில் நிறுத்திவிடுவாள். அந்த இடங்களை நானாகவே எதையாவது போட்டு நிரப்பியிருக்கவும் கூடும்.

வெள்ளிமுனை ஒரு பக்கம் கடல், இரண்டு பக்கம் உப்பங்கழி சூழ்ந்த நகரம். வெளியே போக ஒரே பாலம். வடக்கே ரசாயனப் பேட்டை வந்தபோது நகரம் முழுக்கச் சங்குக் கோபுரங்களை நட்டார்கள். எங்காவது குளோரின் கசிந்தால் சங்கு ஊதும். கலெக்டர் பங்களாவுக்கும் உப்புக்காரத் தெருவுக்கும் ஒரே ஊளைதான். எங்கே கசிவு, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்றெல்லாம் அது சொல்லாது.

உப்புக்காரத் தெருக்காரர்களுக்கு அது சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. தலைமுறையாக உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். மேல்காற்று அடித்தால் உப்பு விளையும், வாடை திரும்பினால் பாத்தி கெடும் என்று காற்றைப் பார்த்தே வாழ்ந்தவர்கள். சங்கு ஊதினால் யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். வெளியே வந்து, தெருவின் சிலுவைக் கோயிலான குருசடியின் கம்பத்தில் பறக்கும் கொடியைப் பார்ப்பார்கள். அதன் வால் எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்குக் குறுக்காக நடையைக் கட்டுவார்கள். அளத்து வரப்பில் ஏறி உட்கார்ந்து, பீடி பற்ற வைத்து, சங்கு ஓயும்வரை ஊர்வம்பு பேசிவிட்டுத் திரும்புவார்கள்.

மற்ற தெருக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒருமுறை சின்னக் கசிவுதான், சங்கு ஊதியதும் ஊரே பாலத்தில் விழுந்தது. குளோரின் ஒருவரையும் கொல்லவில்லை. பாலம் கொன்றது. மிதிபட்டுச் செத்தவர்களில் பேச்சியம்மாளும் ஒருத்தி. உப்புக்காரத் தெருக்காரிதான். அன்று மார்க்கெட்டுக்குப் போனவள் கூட்டத்தோடு இழுபட்டுப் போய்விட்டாள். அவளுடைய ஒரே மகன் சுடலைமுத்து அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தான். ஒலி, அதை எப்படிச் செலுத்துவது, மனிதர்கள் அதைக் கேட்டு என்ன செய்கிறார்கள் என்பதையே பாடமாக எடுத்துப் படித்து முடித்து, அதே நகரத்துக்கு எச்சரிக்கைப் பிரிவின் பொறியாளராக வந்து சேர்ந்தான்.

சங்குகள் துருப்பிடித்திருந்தன. மோட்டாருக்கு உதிரிபாகம் செய்கிறவர்கள் உலகத்தில் எங்கும் இல்லை. எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் புதிதாக வைக்க நகரம் முடிவு செய்தது. அந்தப் பொறுப்பு சுடலைமுத்துவிடம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் அமலோற்பவத்தின் வீட்டுக்கு வந்தான். தாய் செத்த பிறகு விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவளிடம்தான் சாப்பாடு. அமலோற்பவம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிப்புச் செய்கிற வேலை. சின்ன வயதிலேயே அதில் சேர்ந்தவள். பக்கத்து வீட்டில் தங்கை லூர்து, அவள் புருஷன் கஸ்பார். இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு.

"என்ன மீனு?" என்று கேட்டுக்கொண்டே சுடலைமுத்து உட்கார்ந்தான்.

"சாளை. உங்க ஆபீசு கேன்டீன்ல இதெல்லாம் கண்ணுலயே காட்ட மாட்டாவளே. நல்லாத் தின்னு."

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். கோவப்படக் கூடாது."

"கல்யாண விசயம்னா என்னை விட்டுரு. உனக்குப் பொண்ணு பாத்து என் வாயி வலிச்சுப் போச்சு."

"உன் குரலைக் குடு."

லூர்து குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். கஸ்பார்தான் முதலில் சிரித்தான். "மொத்தமாக் கொண்டு போயிரு முத்து. மதினி வாயை மூடினா எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி."

சுடலைமுத்து விளக்கினான். சங்கு குண்டு பல்பு மாதிரி, எல்லாப் பக்கமும் வெளிச்சம் அடிக்கும். புதிதாக வரப்போகும் பெட்டி டார்ச் லைட் மாதிரி. ஒரு தெருவுக்குப் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்காது. யாரை எப்போது கிளப்பினால் பாலத்தில் நெரிசல் வராது என்று ஒரு மெஷின் கணக்குப் போட்டு, தெருத் தெருவாகச் சொல்லும். ஆனால் எந்தக் குரலில் சொல்வது?

"பல குரலைப் போட்டுக் காட்டிப் பாத்தோம்கா. கலெக்டர் குரல், சினிமாக்காரர் குரல், டிவியில செய்தி வாசிக்கிறவர் குரல். எல்லாத்துக்கும் 'இது யாரு, எதுக்குச் சொல்லுதாவ'ன்னு கேட்டாவ. உன் குரலைப் போட்டோம். ஒருத்தரும் கேள்வி கேக்கல. கையில இருக்கிற பையைத் தூக்கிட்டாவ."

அமலோற்பவம் சிரித்துவிட்டாள். பிறகு யோசித்தாள். அந்த வீட்டில் அவள் யோசிக்கும்போது யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

"நான் சொல்லாத எதையும் என் வாயால சொல்ல வைக்கப்படாது," என்றாள்.

"தெருப் பேரை மட்டும் மெஷின் ஒட்டிக்கும். மத்தபடி நீ பேசினது மட்டும்தான்."

"கிளம்புங்க, எந்திரிங்க, பதறாதீங்க. இவ்வளவுதான் நான் சொல்லுவேன். வேற எதுவும் எம் பேருல வரப்படாது. சத்தியம் பண்ணு."

"எங்கம்மா மேல சத்தியம்கா."

செத்தவள் மேல் செய்த சத்தியம். அதற்குமேல் என்ன கேட்பது? சுவரெங்கும் பஞ்சு ஒட்டிய ஓர் அறையில் அவளை உட்கார வைத்துப் பல நாள் பேச வைத்தார்கள். அவள் சொன்ன வாக்கியங்கள் சீக்கிரம் முடிந்துவிட்டன. அதற்குப் பிறகும் கதை, கணக்கு வாய்ப்பாடு, சமையல் குறிப்பு என்று என்னென்னவோ வாசிக்கச் சொன்னார்கள். "எதுக்குலே இதெல்லாம்?" என்று கேட்டபோது, "தொண்டை பழகணும்லா" என்றான் சுடலைமுத்து. அந்த அறையில் பேசினால் சத்தம் வாயை விட்டு வெளியே போனதும் காணாமல் போய்விடும். ஒரு கிணற்றில் எதையோ போட்டுக்கொண்டே இருப்பதுபோல இருந்தது அவளுக்கு.

சங்கை இறக்கிய நாளில் தெருவே வேடிக்கை பார்த்தது. கிரேன் அதைத் தூக்கி லாரியில் வைத்தபோது, டீக்கடை பிச்சையா, "போய்ட்டு வாப்பா, உன்னால என் தூக்கம் எத்தனை கெட்டிருக்கு" என்று கும்பிட்டான். தெருக்கம்பங்களில் சாம்பல் நிறப் பெட்டிகள் ஏறின. சர்க்கார் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அமலோற்பவத்தைக் கூப்பிடுகிற பெயரை வைத்து அமலிப் பெட்டி என்றே ஊர் முழுக்கப் பெயராயிற்று.

ஒத்திகைகள் நடந்தன. "உப்புக்காரத் தெரு மக்களே, அமலி பேசுகிறேன். எழுந்திருங்கள், கிளம்புங்கள்." பெட்டி வாயை மூடுவதற்குள் தெரு காலியாகியிருக்கும். அடுப்பில் சோறு கொதிக்கும், தொட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் நடப்பாள்.

"அமலி, ஒரு பிராது," என்றான் பிச்சையா ஒருநாள். "எம் பொண்டாட்டி கூப்பிட்டா நான் எந்திரிக்கிறதில்ல. நீ கூப்பிட்டா வேட்டியைக்கூடச் சரியாக் கட்டாம ஓடுதேன். அவ சந்தேகப்படுதா."

"உம்ம மூஞ்சியைப் பாத்துமா சந்தேகப்படுதா?" என்றாள் அமலோற்பவம். பிச்சையாவின் மனைவி சண்முகத்தாய் கடைக்குள்ளிருந்து, "நல்லாக் கேளுக்கா" என்று கத்தினாள்.

எல்லாத் தெருவும் அப்படி இல்லை. பாலத்துக்குப் போகும் வழியில் ஆபீசர்ஸ் காலனி என்று ஒன்று உண்டு. அங்கே ஒத்திகை என்றால் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். ஆபீசுக்குப் போன் போட்டு, மத்தியானத் தூக்கம் கெடுகிறது என்பார்கள். உப்புக்காரத் தெருவுக்கோ நகரிலேயே ஒழுங்கான தெரு என்று கேடயம் கொடுத்தார்கள். கஸ்பார் மேடையேறி அதை வாங்கினான். கீழே நின்று கை தட்டிய சுடலைமுத்துவின் முகத்தில் சந்தோஷம் இல்லை என்று அமலோற்பவத்துக்குப் பிற்பாடுதான் தோன்றியது. அன்றைக்கு அவள் அதைக் கவனித்தாளா, பிறகு தானாகச் சேர்த்துக்கொண்டாளா என்பது அவளுக்கே தெரியாது.

குருசடிக் கொடி அந்த வருஷ மழையில் கிழிந்து விழுந்தது. புதிது கட்ட யாருக்கும் தோன்றவில்லை. எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைத்தான் பெட்டியே சொல்கிறதே.

அவளுக்குத் தொண்டை கட்டி, இரண்டு மூன்று நாளாக வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த ஒரு மத்தியானம் அது நடந்தது. சுக்குக் கஷாயம் ஆற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் அவளுடைய குரல் பேசியது.

"உப்புக்காரத் தெரு மக்களே, அமலி பேசுகிறேன். வீட்டுக்குள்ளேயே இருங்கள். கதவு ஜன்னலைச் சாத்துங்கள். ஈரத்துணியை வாசல் இடுக்கில் வையுங்கள். நான் மறுபடி சொல்லும்வரை வெளியே வர வேண்டாம்."

டம்ளர் கையிலேயே இருந்தது. குரலில் ஒரு குறையும் இல்லை. அவள் மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கியது. 'வர வேண்டாம்' என்பதில் அவள் கொடுக்கும் அந்தச் சின்ன இழுப்புகூட இருந்தது. ஆனால் அவள் அதைச் சொன்னதே இல்லை. 'சாத்துங்கள்' என்ற வார்த்தையை எந்த வாக்கியத்திலும் அவள் வாசிக்கவில்லை. பஞ்சு அறையில் கதையும் வாய்ப்பாடும் வாசிக்க வைத்தது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது.

தெருவுக்கு ஓடி வந்தாள். கொடி இல்லாத கம்பம் நின்றது. பிச்சையா கடை முன்னால் காயப்போட்ட சேலை ஒன்று வடக்கேயிருந்து வந்த காற்றில் தெருவுக்குள் நீண்டு அடித்துக்கொண்டிருந்தது. வடக்கே பேட்டை. குளோரின் தரையோடு தவழ்ந்து வரும். உப்புக்காரத் தெருவோ பள்ளம்.

"வெளிய வாங்க!" என்று கத்தினாள். வந்தது கத்தல் இல்லை, தொண்டை கட்டியவளின் கரகரப்பு. "எல்லாரும் வெளிய வாங்க! அளத்துக்கு ஏறுங்க!"

பிச்சையா கடைப் பலகையைப் போட்டுக்கொண்டிருந்தான். "என்னம்மா நீ? நீயே உள்ள இருங்கிறே, நீயே வெளிய வாங்கிறே?"

"அது நான் இல்ல, பிச்சையா. நான் சொல்லல அதை."

"கோட்டி புடிச்சிட்டா உனக்கு? உன் குரல் எனக்குத் தெரியாதா? போ, போய்க் கதவைச் சாத்து." அவன் எரிச்சலோடு சொல்லவில்லை. உடம்பு சரியில்லாதவளிடம் பேசுவதுபோல இதமாகச் சொன்னான். பெட்டி மறுபடி பேசியது. தெளிவான, நிதானமான குரல். அதன் பக்கத்தில் அவளுடைய கரகரப்பு யாரோ பைத்தியக்காரியுடையதாக இருந்தது. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

தங்கை வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே கஸ்பார் இருமிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏற்கெனவே இளைப்பு.

"ஏட்டி லூர்து, திறட்டி."

"அக்கா, நீயும் உன் வீட்டுக்குள்ள போ. துணி நனைச்சு வச்சிட்டேன், திறந்தா எல்லாம் வீணாப் போவும்."

"நான் சொல்லுதேன், வெளிய வா."

"அதான் சொல்லிட்டியே," என்றாள் லூர்து உள்ளேயிருந்து. "நீ சொன்னா சரியாத்தான்கா இருக்கும்." அவள் பெட்டிக்குப் பதில் சொன்னாளா, அக்காவுக்குச் சொன்னாளா? அமலோற்பவம் இந்த இடத்தில்தான் எப்போதும் நிறுத்துவாள்.

கல்லை எடுத்துக் கதவில் அடித்தாள். தோள் கொடுத்துத் தள்ளினாள். தெருமுனையில் ஏதோ மஞ்சள் கலந்த பச்சையாகப் படிய ஆரம்பித்திருந்தது. கண் எரிந்தது. கடைசியில் அவளால் இழுத்துப் போக முடிந்தது ஒரே ஒருத்தியைத்தான். பின்பக்கத்தில் கோழியை அடைத்துக்கொண்டிருந்த சண்முகத்தாயின் மயிரைப் பிடித்து இழுத்தாள். அவள் திட்டினாள், கையைக் கடித்தாள். இரண்டு பேரும் வரப்பில் ஏறி விழுந்தபோது, தெருவில் அவளுடைய குரல் இன்னும் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தது. பதறாதீர்கள். நான் இருக்கிறேன்.

அந்த நேரத்தில் பாலத்தின் மேல் ஆபீசர்ஸ் காலனிக் கார்கள் நெரிசல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. அவர்களையும் அவள்தான் வழியனுப்பினாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தொண்டை வெந்து போயிருந்தது. கிசுகிசுப்பாக மட்டும் பேச வந்தது. தெருவில் மிஞ்சியவர்கள் அதே வார்டில் இருந்தார்கள். லூர்தும் கஸ்பாரும் பிச்சையாவும் அவர்களில் இல்லை. ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. சண்முகத்தாய் எதிர்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

சுடலைமுத்து ஒரு காலையில் வந்தான். கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். நர்ஸ் வந்து பாட்டில் மாற்றிவிட்டுப் போனாள். பிறகு அமலோற்பவம் கேட்டாள்.

"மெஷின் கெட்டுப் போச்சோ?"

அவன் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் அதைத்தான் எதிர்பார்த்தாள், கொஞ்சம் ஆசைப்பட்டாள் என்றுகூடச் சொல்லலாம்.

"இல்லக்கா. சரியாத்தான் வேலை செஞ்சுது."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பாலம் ஒரே நேரத்துல பாதி ஊரைத்தான் தாங்கும். மீதிப் பாதி உள்ள இருக்கணும். இல்லாட்டி அம்மாவுக்கு நடந்ததுதான் எல்லாருக்கும் நடக்கும்."

"காலனிக்காரன் வீடு காங்கிரீட்டு. கதவைச் சாத்தினா காத்து போவாது. அவனை உள்ள இருன்னு சொல்லியிருக்கலாம்லா? எங்க ஓட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல அணில் போவும். உனக்குத் தெரியாதா? நீயும் அப்படி ஒரு வீட்டுலதானே வளந்தே?"

"தெரியும்."

"பொறவு?"

"அவங்களை இருன்னு சொன்னா இருக்க மாட்டாவக்கா. காரை எடுத்துட்டு ரோட்டுக்கு வந்திருவாவ. ஒத்திகையில பாத்தாச்சு. சொன்னாக் கேக்காதவனைத் தடுக்க முடியாது, அவனுக்கு வழியை விட்டுத்தான் ஆகணும். அப்போ உள்ள இருக்கச் சொல்ல வேண்டியது…" அவன் முடிக்கவில்லை.

அவள் முடித்தாள். "சொன்னாக் கேக்கிறவங்களை."

வார்டில் யாரோ இருமினார்கள்.

"எங்க தெருக்காரன் கேப்பான்னு ஒத்திகை வச்சு வச்சுத் தெரிஞ்சுக்கிட்டிய. அதுக்குக் கேடயம் வேற."

"மெஷின்தான் தெருவைத் தேர்ந்தெடுத்தது. அதுக்குத் தெரிஞ்ச வழி பாலம் மட்டும்தான், அளத்து வரப்பு அதோட கணக்குல இல்ல. நான் ஒரே ஒரு விதிதான் எழுதினேன். மொத்தத்துல சாவு குறையணும். குறைஞ்சிருக்குக்கா. நெரிசலோட கணக்குப் போட்டா, இப்போ ஆனதைவிட…"

"லூர்துகிட்ட போய்ச் சொல்லு அந்தக் கணக்கை."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அழுகை உண்மைதான், அதில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"நான் சொல்லாததை என் வாயால சொல்ல வைக்க மாட்டேன்னு உங்கம்மா மேல சத்தியம் பண்ணினே."

"பண்ணினேன்."

"எப்போ அதை மாத்தணும்னு தோணுச்சு?"

அவன் தரையைப் பார்த்தான். "மாத்தலக்கா. அன்னிக்குச் சாளை சாப்பிட உக்காந்தப்பவே தெரியும். உண்மையைச் சொன்னா நீ குரல் தர மாட்டே. உன் குரல் இல்லன்னா யாரும் கேக்க மாட்டாவ. யாரும் கேக்கலன்னா பாலத்துல…" நிறுத்தினான். "அன்னிக்கு நீ பஸ் ஸ்டாண்டுல இருப்பேன்னுதான் நினைச்சேன். அங்க பாதுகாப்பு. அதை மட்டும் நான் பாத்து வச்சிருந்தேன்."

அவளை மட்டும் காப்பாற்றக் கணக்குப் போட்டிருக்கிறான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் எழுந்து போகும்வரை திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவனிடம் அவள் பேசவில்லை.

விசாரணை நடந்தது. பதிவைப் போட்டுக் காட்டி, "இது உங்கள் குரல்தானே?" என்று வக்கீல் கேட்டார். மண்டபத்தில் தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆமாம் என்றாள். "நீங்கள்தான் பேசினீர்களா?" இல்லை என்றாள். அந்தக் கிசுகிசுப்பு பின்வரிசைக்கு எட்டவில்லை. முதல் பதில் மட்டும் எட்டியது, அப்போது அவள் தலையை ஆட்டியிருந்தாள். விசாரணை முடிவில், இறந்தவர் ஒருவரின் அக்காவுடைய குரல் தொடர்ந்து ஒலிப்பது மக்கள் மனத்தைப் புண்படுத்தும் என்பதால் குரலை மாற்றும்படி பரிந்துரை செய்தார்கள். மாற்றினார்கள். ஓர் ஆணின் குரல் வந்தது, கனிவான குரல். பெட்டிகள் அப்படியே இருந்தன.

உப்புக்காரத் தெருவில் மிஞ்சியவர்கள் அந்தக் குரலை மதிக்கவில்லை. ஒத்திகையில் கிளம்பு என்றால் சீட்டாடினார்கள். இரு என்றால் வேண்டுமென்றே வெளியே வந்து நின்றார்கள். பெட்டியில் சாணி அடித்தார்கள். மாநகராட்சிக்காரர்கள் ஒவ்வொரு முறையும் ஏணி வைத்துத் துடைத்துவிட்டுப் போனார்கள், ஒரு வார்த்தையும் திட்டவில்லை.

மறு வருஷம் ஒரு காலையில் மறுபடி கசிவு. "உப்புக்காரத் தெரு மக்களே, உடனே பாலத்துக்குக் கிளம்புங்கள்" என்றது பெட்டி. அது சொல்வதற்கு முன்பே பாதித் தெரு நடந்துகொண்டிருந்தது. பாலம் காலியாக இருந்தது. யாரும் யாரையும் இடிக்கவில்லை. நடுப்பாலத்தில் அமலோற்பவத்தின் பக்கத்தில் சண்முகத்தாய் வந்து சேர்ந்துகொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது.

"பாத்தியாக்கா? இந்தத் தடவை நமக்கு முதல்ல சொல்லிட்டாவ. பயந்துட்டானுவ."

அமலோற்பவம் நின்றுவிட்டாள். கூட்டம் அவளைச் சுற்றிப் பிரிந்து போனது. பாலத்தில் காலனிக் கார்கள் இருந்தன, மார்க்கெட்காரர்கள் இருந்தார்கள், உப்புக்காரத் தெரு இருந்தது. யார் இல்லை என்று பார்த்தாள்.

தெற்கே புதுக்குடியிருப்பு என்று ஒன்று உண்டு. கடல் விழுங்கிய ஊர்களிலிருந்து வந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகள், தகரக் கூரை. வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வீடு கிடைத்ததே பெரிது என்று இருக்கிறவர்கள், எது சொன்னாலும் சரிங்க என்கிறவர்கள். அவர்களில் ஒருவரும் பாலத்தில் இல்லை.

"எங்க திரும்புத? ஏய், அக்கா!" என்று சண்முகத்தாய் கத்தினாள்.

கூட்டத்துக்கு எதிராக நடந்து அவள் அங்கே போய்ச் சேர்ந்தபோது தெருவில் ஒரு நாய்கூட இல்லை. எல்லா வாசல் இடுக்கிலும் ஈரத்துணி. கனிவான குரல் அவர்களை உள்ளே இருக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் கதவு கதவாகத் தட்டினாள். வெளிய வாங்க என்று சொன்னது அவளுடைய காதுக்கே கேட்கவில்லை. மூன்றாவதோ நான்காவதோ கதவு திறந்தது. ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, யாரும்மா நீங்க? வெளிய நிக்கக் கூடாதுன்னு சொல்றாங்கள்ல? வாங்க, உள்ள வாங்க." கையைப் பிடித்து இழுத்து, கதவைச் சாத்தி, துணியைத் திரும்ப நனைத்து இடுக்கில் வைத்தாள். உள்ளே அவள் புருஷன் நகர்ந்து பாயில் இடம் கொடுத்தான். தண்ணீர் கொடுத்தார்கள். அமலோற்பவம் அவர்களுடைய முகத்தைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அவர்களோடு உட்கார்ந்து காத்திருந்தாள்.

அன்று காற்று திரும்பிவிட்டது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

லூர்தும் கஸ்பாரும் குருசடிக்குப் பின்னால் உள்ள கல்லறைத் தோட்டத்தில் ஒரே குழியில் இருக்கிறார்கள். பிச்சையாவை அவன் உறவுக்காரர்கள் சொந்த ஊருக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். சண்முகத்தாய் டீக்கடையைத் திரும்பத் திறந்து நடத்துகிறாள். சுடலைமுத்துவை இதைவிடப் பெரிய நகரம் ஒன்று அழைத்துக்கொண்டது. அங்கேயும் சங்குகளை இறக்கிவிட்டுப் பெட்டி வைக்கிறார்கள் என்று கேள்வி. அவன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அமலோற்பவம் பஸ் ஸ்டாண்டு பார்சல் ஆபீசில் வேலை செய்கிறாள், குடியிருப்பது புதுக்குடியிருப்பில். தண்ணீர்க் குழாயடியில் நிற்கிற பெண்களிடம் பெட்டியை நம்பாதீர்கள் என்று தினமும் சொல்கிறாள். அவர்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து காது கொடுத்து, மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார்கள். ஒத்திகை நாளில் பெட்டி சொன்னபடி செய்கிறார்கள்.